தூங்கி எழுந்தால் ஊட்டி?

சென்னையிலிருந்து வாடகைக் காரில் மலைக்குக் கிளம்பும் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்



ஏப்ரல் பிறந்துவிட்டால் எங்கள் ஆபீஸ் போன் ஓயாது. எல்லாரும் கேட்பது ஒரே கேள்விகள்தான். கிலோமீட்டருக்கு என்ன ரேட், டிரைவர் பேட்டா எவ்வளவு, டோல் யார் கணக்கு, ஹில்ஸ் சார்ஜ் தனியா. காசு கொடுக்கிறவர் கேட்கத்தான் வேண்டும். பேசி முடித்து போனை வைக்கும் நேரத்தில் ஏதோ சின்ன விஷயம்போல ஒன்று சொல்வீர்கள்: "வியாழக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு வண்டி வாசல்ல நின்னாப் போதும் சார். தூங்கி எழுந்தா ஊட்டி."

தூங்கி எழப்போவது நீங்கள். இந்த மடல் அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியதுதான்.

நான் பல வருஷம் டூரிஸ்ட் கார் ஓட்டியவன். முட்டி ஒத்துழைக்காமல் போனபின் அதே டிராவல்ஸில் புக்கிங் மேசைக்கு வந்துவிட்டேன். இந்த மேசையிலிருந்து பார்த்தால் டிரைவரின் பக்கம் தெரியும், உங்கள் பக்கம் தெரியும், முதலாளியின் கல்லாப்பெட்டியும் தெரியும். மூன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ராத்திரிப் பயணத்தை நீங்கள் ஏன் விரும்புகிறீர்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. ஒரு நாள் லீவு மிச்சம். ஒரு ராத்திரி ரூம் வாடகை மிச்சம். பிள்ளைகள் பின் சீட்டில் தூங்கிவிடுவார்கள், "எப்பப்பா வரும்" என்ற நச்சரிப்பு இருக்காது. பெருங்களத்தூர், செங்கல்பட்டு நெரிசல் இருக்காது. வெயிலும் இருக்காது. இன்னும் கணக்குத் தெரிந்தவர்கள், "பன்னெண்டு மணிக்கு மேல கிளம்பறோம்" என்பார்கள். எங்கள் தொழிலில் நாள் கணக்கு நள்ளிரவிலிருந்து நள்ளிரவுக்கு. ரவுண்ட் ட்ரிப் என்றால் பெரும்பாலான டிராவல்ஸில் நாளொன்றுக்குக் குறைந்தது 250 கிலோமீட்டருக்குக் காசு உண்டு, பேட்டா தனி. பத்து மணிக்குக் கிளம்பினால் அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முழு நாள் பில் ஏறும். பன்னிரண்டைத் தாண்டினால் அதுவும் மிச்சம். நீங்கள் கெட்டிக்காரர்கள்தான், அதில் சந்தேகமில்லை. இத்தனை மிச்சத்துக்கும் யாரோ ஒருவர் ஈடு கொடுக்க வேண்டுமே, அது யார் என்பதுதான் என் கேள்வி.

அந்த ராத்திரியை மணிவாரியாகச் சொல்கிறேன். சென்னையிலிருந்து ஊட்டிக்குச் சுமார் 550 கிலோமீட்டர். இரவு பத்துக்குக் கிளம்பினால் திண்டிவனம், விழுப்புரம் தாண்டி உளுந்தூர்பேட்டை வரும்போது மணி ஒன்றரை ஆகிவிடும். அங்கே திருச்சி ரோட்டை விட்டுச் சேலம் ரோட்டுக்குத் திரும்ப வேண்டும். கள்ளக்குறிச்சி, ஆத்தூர், வாழப்பாடி. நாலுவழிச் சாலை என்று நம்பி வருகிறவனை ஊர்ப் புறவழிகளில் திடீரென்று இருவழியாகச் சுருங்கி மிரட்டியதால் பேர்போன ரோடு அது. சேலம் வரும்போது நான்கு மணி. சங்ககிரி, பவானி, பெருந்துறை, அவிநாசி வந்து, மேட்டுப்பாளையத்துக்குள் நுழையும்போது விடிந்து ஏழாகிவிடும். இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை மனித உடம்பு தூக்கத்துக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கும் நேரம். அந்த மூன்று மணி நேரமும் உங்கள் டிரைவர் கள்ளக்குறிச்சிக்கும் சங்ககிரிக்கும் நடுவே, எதிரே வரும் லாரியின் ஹெட்லைட்டைப் பார்த்தபடி இருக்கிறார். காருக்குள் ஏசி, இருட்டு, ஐந்து பேர் குறட்டை. பேச்சுத்துணைக்குக்கூட ஒருவர் விழித்திருப்பதில்லை.

இதுவரை ஓட்டியது பெரிதில்லை, மலை இனிமேல்தான். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து முந்நூற்றுச் சொச்சம் மீட்டர் உயரம், ஊட்டி 2,240 மீட்டர். நடுவில் இருப்பது சுமார் 50 கிலோமீட்டர். அதில் கல்லாறு முதல் குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். ராத்திரி முழுக்க விழித்தவரின் கையில் அந்த 14 வளைவுகளையும் கொடுத்துவிட்டு, நீங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து, "ஆகா, மலை வந்துடுச்சு" என்று ஜன்னலை இறக்குகிறீர்கள்.

மேலே போய்ச் சேர்ந்ததும் கதை முடிகிறதா என்றால் இல்லை. காலை ஒன்பது. ஓட்டலில் செக்-இன் பன்னிரண்டுக்கோ ஒன்றுக்கோதான். அதுவரை என்ன செய்வது? "தம்பி, ரூம் கிடைக்கிற வரைக்கும் தொட்டபெட்டா பாத்துட்டு வந்துடலாமா?" தொட்டபெட்டா முடிந்தால் பொட்டானிக்கல் கார்டன், சாப்பாடு, போட் ஹவுஸ். சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் அவர் வண்டியை அணைக்கிறார். இதை நீங்கள் வேண்டுமென்று செய்வதில்லை. கார் இருக்கிறது, டிரைவர் இருக்கிறார், நேரம் இருக்கிறது. போகலாமே என்று தோன்றுவது இயல்பு. வண்டியை ஓட்டுகிறவருக்கு இருபது மணி நேரம் ஆகிறது என்பது பின் சீட்டிலிருந்து பார்த்தால் தெரியாது. அவராகவும் சொல்லமாட்டார். சொன்னால் அடுத்த சீசனுக்கு நீங்கள் வேறு டிராவல்ஸைக் கூப்பிடுவீர்கள் என்று அவருக்குத் தெரியும்.

இருபது மணி என்பதே குறைந்த கணக்கு. வியாழன் காலையில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? சீசன் நேரத்தில் எந்த டிரைவரும் ராத்திரி ட்ரிப்புக்காகப் பகலில் படுத்துத் தூங்குவதில்லை. காலை ஆறு மணிக்கு எழுந்து ஏர்போர்ட் டிராப் ஒன்று, மத்தியானம் தாம்பரத்தில் கல்யாண வீட்டு ஓட்டம் ஒன்று, பிறகு வண்டியைக் கழுவி, டீசல் போட்டு, காற்றுப் பார்த்து, பத்து மணிக்கு உங்கள் வாசல்.

1997-இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் இருவர் 'நேச்சர்' இதழில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கை, கண், கவனம் எல்லாம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் நிலைக்கு இறங்கிவிடுகின்றன. 24 மணி நேரம் விழித்திருந்தால் அது 0.10 சதவீத நிலைக்குப் போகிறது. நம் நாட்டுச் சட்டம் டிரைவருக்கு அனுமதிக்கும் அளவு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். இப்போது கணக்குப் போடுங்கள். காலை ஆறு மணிக்கு எழுந்தவருக்கு இரவு பதினொன்றுக்கே 17 மணி நேரம் ஆகிவிட்டது. வண்டி இன்னும் செங்கல்பட்டைக்கூடச் சரியாகத் தாண்டியிருக்காது. கல்லாறு செக்போஸ்ட்டில் நிற்கும்போது 25 மணி நேரம். குடித்துவிட்டு வந்த டிரைவரோடு உங்கள் குழந்தையை ஏற்றி அனுப்புவீர்களா? வாசலிலேயே சண்டை போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவீர்கள். சட்டம் அனுமதிக்கும் அளவைப்போல மூன்று மடங்கு ஏற்றியவரின் நிலையில் இருப்பவரை மட்டும் "ரொம்ப நல்ல பையன், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது" என்று மெச்சிக்கொண்டு மலையேறுகிறீர்கள். வாயை ஊதச் சொல்லும் போலீஸ்காரரிடம் மதுவைக் கண்டுபிடிக்கக் கருவி இருக்கிறது. தூக்கத்தைக் கண்டுபிடிக்க எதுவும் இல்லை.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் அழகாகவே எழுதியது: நாளுக்கு 8 மணி நேர வேலை, தொலைதூர ஓட்டம் போன்றவற்றில் 10 வரை, ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டாமல் நடுவில் அரை மணி ஓய்வு, ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் வேலை தொடங்கும் முன் தொடர்ச்சியாக 9 மணி நேரம் ஓய்வு. நல்ல சட்டம். ஆனால் ஐந்து தொழிலாளர்களாவது இருக்கும் நிறுவனத்துக்குத்தான் அது எழுதப்பட்டது. கடனில் ஒரு எர்டிகா வாங்கித் தானே ஓட்டுகிறவர் அந்தக் கணக்கில் வரவில்லை. இரண்டு கார் வைத்திருக்கும் டிராவல்ஸும் வரவில்லை. ஆக்டிங் டிரைவரைப் பற்றி அந்தச் சட்டத்துக்குத் தெரிந்திருக்கவே இல்லை. ஆக, உங்கள் டிரைவர் எத்தனை மணி நேரம் ஓட்டலாம் என்பதை இன்று நடைமுறையில் முடிவு செய்வது சர்க்கார் இல்லை, போனில் "பத்து மணி" என்று சொல்கிற நீங்களும், "சரி சார்" என்று சொல்கிற என்னைப் போன்றவர்களும்தான்.

ஆக்டிங் டிரைவர் என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். சொந்தக் கார் வைத்திருப்பவர்கள் இப்போது அதிகம் செய்வது அதுதான். கார் நம்முடையது, ஆள் மட்டும் கூலிக்கு. செலவு குறைவு, வண்டி சுத்தம், நம் பாட்டு. வருகிறவர் உங்கள் காரை அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறார். கிளட்ச் எங்கே பிடிக்கிறது, பிரேக் எவ்வளவு இறங்குகிறது, டயர் எந்த வருஷத்தது, எதுவும் அவருக்குத் தெரியாது. அது சென்னைக்குள் பரவாயில்லை, மலையில் பரவாயில்லை என்று சொல்ல முடியாது. ஆக்டிங் போகிறவர்களில் பலருக்கு வேறு வேலை உண்டு. பகலில் கம்பெனி கேப் ஓட்டிவிட்டு ராத்திரி உங்கள் காருக்கு வருவார்கள். ஆளைப் பார்த்ததும் "முந்தி ஊட்டி ஏறியிருக்கீங்களா?" என்று எல்லாரும் கேட்கிறீர்கள். ஏறியிருக்கிறேன் என்றுதான் எவரும் சொல்வார். "நேத்து ராத்திரி எங்க இருந்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

இன்னொரு வகையும் உண்டு. மஞ்சள் போர்டு வண்டிக்குப் பதில், தெரிந்தவர் ஒருவரின் வெள்ளை போர்டு காரை ரேட் குறைவு என்று வாடகைக்கு எடுப்பது. நாங்கள் ஓன்போர்டு என்போம். போய் வந்துவிட்டால் ஒன்றுமில்லை. வழியில் ஏதாவது ஆகிவிட்டால், சொந்த உபயோகத்துக்கு என்று எடுத்த இன்சூரன்ஸை வாடகை ஓட்டத்துக்குக் கேட்டு நிற்க வேண்டிவரும். கம்பெனிக்காரர்கள் மறுக்கக் காரணம் தேடவே வேண்டாம். இதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை, எடுக்காதீர்கள்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் எங்களுக்குப் பயம். சமவெளியிலிருந்து வருகிற டிரைவர்கள் அடிபடுவதும் அதில்தான். "இரண்டாவது கியரில் இறங்கவும்" என்று வழி நெடுக போர்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும், பிரேக்குக்கு வேலை குறையும். சத்தம் மட்டும் கொஞ்சம் உறுமலாக இருக்கும். அந்தச் சத்தம் பின் சீட்டுக்குப் பிடிக்காது. "ஏன் தம்பி வண்டி இப்படிக் கத்துது? கியரை மாத்துங்களேன்." இன்னொருவர், "பஸ்ஸே நம்மள ஓவர்டேக் பண்ணிட்டுப் போகுது." டிரைவர் இளைஞராக இருந்தால் ரோஷம் வந்துவிடும். மூன்றில் போடுவார், வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதிப்பார். பத்துப் பன்னிரண்டு வளைவு அப்படி மிதித்தால் பிரேக் சூடேறி, உள்ளே ஆயில் கொதித்து ஆவியாகி, பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொள்ளும். மிதிக்க மிதிக்க ஒன்றும் இருக்காது.

இறங்கும் வழியில் பர்லியாறில் மங்குஸ்தானும் பலாவும் விற்கும் பழக்கடைகள் ஓரம் சீசன் சாயங்காலங்களில் நின்று பாருங்கள். கருகின வாடை முதலில் வரும். பின்னாலேயே ஒரு கார் ஓரம் கட்டும், முன்சக்கரத்திலிருந்து மெல்லிய புகை. குடும்பம் இறங்கிப் பழம் விலை கேட்கப் போய்விடும். டிரைவர் மட்டும் சக்கரத்தின் பக்கத்தில் குந்தி, ரிம்மைத் தொடாமல் ஒரு சாண் தள்ளிப் புறங்கையைக் காட்டிச் சூடு பார்ப்பார். அனுபவஸ்தராக இருந்தால் அரை மணி அசையமாட்டார், தண்ணீர் ஊற்றவும் விடமாட்டார். அவசரப்படுத்துகிறவர் யாராவது பழப்பையோடு திரும்பி வந்து, "கிளம்பலாமா?" என்பார். அந்த அரை மணியை டிரைவருக்குக் கொடுங்கள். மலைரோட்டில் உங்களுக்குக் கிடைக்கும் மிக மலிவான இன்சூரன்ஸ் அதுதான்.

ரோட்டில் இன்னொரு விதியும் இருக்கிறது. குறுகலான மலைச்சாலையில் ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். உங்கள் டிரைவர் இறங்கும்போது ஒதுங்கி நின்றால் அது பயந்தாங்கொள்ளித்தனம் ஆகாது. பின் சீட்டிலிருந்து "போங்க போங்க, அவன் நிப்பான்" என்று உற்சாகப்படுத்தாதீர்கள்.

கல்லட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஊட்டியிலிருந்து மசினகுடி, முதுமலை போக போனில் மேப் போட்டால் அது கல்லட்டி வழியைக் காட்டும். சுமார் 30 கிலோமீட்டர். கூடலூர் சுற்றிப் போனால் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். மேப்புக்கு தூரம் தெரியும். அந்த 36 கொண்டை ஊசி வளைவுகளின் சரிவு தெரியாது. 2018 அக்டோபர் தொடக்கத்தில் சென்னையிலிருந்து போன ஏழு பேரின் கார் அந்தச் சரிவில் பள்ளத்தில் விழுந்தது. விழுந்ததே யாருக்கும் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்துக் கண்டுபிடித்தபோது ஐந்து பேர் இறந்திருந்தார்கள். இரண்டு பேர் அத்தனை நேரமும் அந்தப் பள்ளத்தில் உயிரோடு கிடந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு வெளிமாவட்ட வண்டிகள் அந்த வழியே கீழே இறங்கத் தடை. "லோக்கல்காரங்க எல்லாம் போறாங்களே" என்று டிரைவரை நச்சரிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். லோக்கல்காரர் போகட்டும். அவர் அந்த ரோட்டில் பிறந்தவர். மசினகுடியோடு மைசூரையும் சேர்த்துத் திட்டம் போடுகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: பந்திப்பூர்க் காட்டுச் சாலை இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை மூடியிருக்கும். ஒன்பதுக்குள் கேட்டைத் தாண்ட வேண்டும் என்று விரட்டுவதைவிட ஒரு ராத்திரி இந்தப் பக்கமே தங்கிவிடலாம்.

இ-பாஸ் விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயம். 2025 கோடையில் எண்ணிக்கைக்கே வரம்பு வந்தது: ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000; கொடைக்கானலுக்கு 4,000, 6,000. பாஸ் வண்டி நம்பருக்குத்தான் கொடுக்கிறார்கள். சீசனில் டிராவல்ஸ்காரர்கள் கடைசி நிமிடத்தில் வண்டியை மாற்றி அனுப்புவது சகஜம். பாஸில் ஒரு நம்பர், வாசலில் வேறு நம்பர் என்றால் கல்லாற்றில் நின்று முழிப்பது டிரைவர்தான். வண்டி நம்பரை முதல் நாளே எழுத்தில் வாங்குங்கள், மாற்றினால் புதுப் பாஸ் எடுக்காமல் ஏறாதீர்கள். போகிறபோது பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் மூட்டையை ஏற்றாதீர்கள்; நீலகிரியில் தடை, செக்போஸ்ட்டில் இறக்கச் சொல்வார்கள், அபராதமும் உண்டு.

இனி ராத்திரித் தங்கலுக்கு வருகிறேன். எனக்கு உங்கள்மேல் மனத்தாங்கல் இருப்பது இங்கேதான். ரூம் போடும்போது ஏசி உண்டா, வியூ உண்டா, காலை டிபன் சேர்த்தியா என்று கேட்கிறீர்கள். ஊட்டியில் ஏசி எதற்கு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. டிரைவர் எங்கே படுப்பார் என்று கேட்பவர்கள் அபூர்வம். பல ஓட்டல்களில் பதில், "கார்லயே படுத்துக்குவாங்க சார்" என்பதுதான். சென்னையில் சட்டையைக் கழற்றிவிட்டுத் தூங்கிப் பழகியவர், ஒரு பெட்ஷீட்டோடு, முன் சீட்டைச் சாய்த்து, கண்ணாடியை ஒரு விரல் இறக்கிவிட்டுப் படுக்கிறார். முழுக்க ஏற்றினால் மூச்சு முட்டும், இறக்கினால் குளிர் உள்ளே வரும். டிசம்பர், ஜனவரி என்றால் விடியும்போது கண்ணாடிமேல் உறைபனி. குளிர் தாங்காமல் எஞ்சினை ஓடவிட்டு ஹீட்டர் போட்டுத் தூங்குகிறவர்கள் உண்டு; மூடிய காருக்குள் புகை கசிந்தால் எழுந்திருக்கவேமாட்டார்கள். கழிப்பறைக்கு ஓட்டல் செக்யூரிட்டியிடம் கெஞ்ச வேண்டும். குளியல் கிடையாது. மறுநாள் காலை எட்டு மணிக்கு நீங்கள் பளபளவென்று இறங்கி வந்து, "என்ன தம்பி, நல்லாத் தூங்கினீங்களா?" என்று கேட்பீர்கள். அன்பாகத்தான் கேட்கிறீர்கள். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்.

தமிழ்நாடு அரசு 2023-இல் கட்டட விதிகளைத் திருத்தியது. விருந்தினர்களைக் கூட்டிவரும் டிரைவர்களுக்கு ஓட்டல்களும் லாட்ஜ்களும் கழிப்பறை, குளியலறையோடு படுக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்று விதியிலேயே எழுதியாயிற்று. நல்ல உத்தரவு. ஆனால் அது தானாக நடக்காது. ரூம் போடுகிறவர் கேட்டால்தான் நடக்கும். டிரைவருக்குக் கட்டில் இல்லாத ஓட்டலை நாலு குடும்பம் வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள், அடுத்த சீசனுக்குள் கட்டில் முளைத்துவிடும். அதுவரைக்கும், ஊட்டியில் டிரைவர்கள் தங்கும் டார்மிட்டரிகள் இருக்கின்றன. அதற்குரிய காசைப் பேட்டாவுக்கு மேல் கொடுங்கள். பேட்டாவுக்குள்ளேயே எல்லாம் அடக்கம் என்பீர்கள். பேட்டா என்று நாங்கள் வாங்குவது பல இடங்களில் ஒரு நாளைக்கு நானூறு முதல் அறுநூறு ரூபாய். மூன்று வேளை சாப்பிட்டு, டீ குடித்து, சீசன் ரேட்டில் ஊட்டியில் படுக்கை பிடித்தபிறகு வீட்டுக்கு அதில் என்ன கொண்டுபோவார்?

எங்கள் ஆட்களின் குறையையும் சொல்லாவிட்டால் இது யோக்கியமான மடல் ஆகாது. கமிஷன் உண்டு. ஹைவேயில் டிரைவருக்கு இலவசச் சாப்பாடு போடும் ஓட்டலில்தான் வண்டி நிற்கும், அங்கே உங்கள் தோசை விலை கூடுதலாக இருக்கும். ஊட்டியில் குறிப்பிட்ட சாக்லேட் கடையிலும் தைலக் கடையிலும்தான் "இங்க நல்லா இருக்கும் சார்" என்று நிறுத்துவார்கள். எல்லாரும் இல்லை, நிறையப் பேர். நான் ஓட்டிய காலத்தில் நானும் அந்த இலவசச் சாப்பாட்டைச் சாப்பிட்டவன்தான். சம்பளம் சரியாக இருக்கும் டிரைவர் இந்தச் சில்லறைக்காக உங்களை ரோடு ரோடாக அலைய வைப்பதில்லை என்பது மேசையில் உட்கார்ந்து நான் பார்த்தது. போன் பேசிக்கொண்டே ஓட்டுகிறவர்களும், மலையில் வித்தை காட்டுகிறவர்களும் உண்டு. அப்படிப்பட்டவரை நிறுத்தச் சொல்லுங்கள், எங்களுக்குப் போன் பண்ணுங்கள், ஆளை மாற்றச் சொல்லுங்கள். தயங்கவே வேண்டாம்.

சரி, எப்படித்தான் போவது என்கிறீர்களா? டிரைவரை முதல் நாள் சாயங்காலமே ஓட்டத்திலிருந்து விடுவிக்கச் சொல்லிப் பேசிவிட்டு, விடியற்காலை ஐந்துக்குக் கிளம்புங்கள். விழுப்புரம் தாண்டி டிபன், சேலத்தில் மத்தியானச் சாப்பாடு, மூன்று மூன்றரைக்கு மேட்டுப்பாளையம், இருட்டுவதற்குள் ஊட்டி. பிள்ளைகள் நச்சரிக்கும், நச்சரிக்கட்டும். வயதானவர்கள் இருந்தால் கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ ஒரு ராத்திரி தங்கிவிட்டுக் காலையில் ஏறுங்கள். கொடைக்கானலுக்கும் இதே கணக்குத்தான். திருச்சி, திண்டுக்கல், வத்தலக்குண்டு வழி ஏறுங்கள், டம் டம் பாறைக்கு வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிடுங்கள். கோடை சீசனில் ஊட்டிக்கு ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று போலீஸ் ஒருவழியாக்குவதும் உண்டு, அதையும் நேரக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ராத்திரியில்தான் போக முடியும், லீவு இல்லை என்றால் அதற்கும் வழி இருக்கிறது. எங்கள் முதலாளி இதைப் படிக்காமல் இருந்தால் நல்லது. சென்ட்ரலில் ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறுங்கள், நீங்கள் சொன்ன மாதிரியே தூங்கி எழுந்தால் மேட்டுப்பாளையம். அங்கே டிஎன் 43 நம்பர் வண்டியை முன்கூட்டியே பேசி வைத்தால், ராத்திரி வீட்டில் தூங்கி எழுந்த நீலகிரிக்காரர் ஒருவர் மலையை உள்ளங்கைபோலத் தெரிந்துவைத்துக்கொண்டு காத்திருப்பார். அந்த வண்டிக்கு வெளியூர் வண்டிபோல இ-பாஸ் தொல்லையும் கிடையாது. டிக்கெட் 60 நாளைக்கு முன்பே திறக்கிறது, சீசனில் உடனே நிரம்பிவிடும். அதற்கு மட்டும் கொஞ்சம் சுறுசுறுப்பு வேண்டும்.

ரயில் கிடைக்காமல், பகலில் கிளம்பவும் முடியாமல், கட்டாயம் ராத்திரிதான் என்றால் இரண்டு டிரைவருக்குக் காசு கொடுங்கள். ஒரு சீட்டுக் குறையும், ஒரு பேட்டா கூடும். அதுவும் முடியாது என்றால் அந்த வாரம் மகாபலிபுரம் போய்விட்டு வாருங்கள்.

அடுத்த முறை எங்களுக்கோ வேறு யாருக்கோ போன் போடும்போது, கிலோமீட்டர் ரேட் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: "எங்களுக்கு அனுப்பற டிரைவர் முந்தின நாள் எத்தனை மணிக்கு வண்டியை விடறார்?" கேட்கிறவர் ஒருவர் இருவராக இருந்தால் நாங்கள் சிரித்து மழுப்பிவிடுவோம். எல்லாரும் கேட்டால் பதில் வைத்திருந்தே ஆக வேண்டும். பதில் சொல்லாத இடத்தில் வண்டி எடுக்காதீர்கள், அது எங்கள் ஆபீஸாகவே இருந்தாலும் சரி.

இப்படிக்கு,
உங்கள் போனை எடுக்கும் பழைய டிரைவர் ஒருவன்